கடல் கடக்கும் முன்

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில், கடைசிக்கு முந்திய ஞாயிறன்று, நம் ஆலயங்களில் மறைபரப்பு ஞாயிறு கொண்டாடப்படுகிறது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926 ஆம் ஆண்டில் ஏற்படுத்திய நாள் இது. அன்று நாம் காணிக்கைத் தட்டில் இடும் நாணயம் தொலைதூர நாடுகளின் மறைபரப்புப் பணிக்குச் செல்கிறது என்பதை நாம் அறிவோம். நாணயம் கடல் கடப்பது எளிது. ஆனால் ஒரு மனிதர் கடல் கடப்பது எப்படி? பிறந்த வீட்டையும் பேசிய மொழியையும் விட்டு, கண்டறியாத நாட்டிற்கு இறைபணி செய்யப் புறப்படும் ஒரு குருவோ கன்னியரோ, கப்பலிலோ விமானத்திலோ ஏறுவதற்கு முன் என்னென்ன ஆயத்தம் செய்கிறார்? இதைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. அலையைக் காண வேண்டுமானால் நாம் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டும். ஆயினும் தூது செல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் தூது அனுப்பியது ஒரு படைத்தலைவனை அன்று, ஔவையாரையே அனுப்பினான். வாள் ஏந்தாது சொல்லை மட்டும் ஏந்தி வேற்றரசன் வாயிலில் போய் நின்ற ஒரு பெண்ணை நம் ஊர் வரலாறு அறியும். தூது செல்பவருக்கு வேண்டிய முதல் ஆயத்தம், எதிரே நிற்பவருக்கு விளங்கும்படி பேசத் தெரிவதே. வேதபோதகருக்கும் அதுவே முதல் ஆயத்தம் என்பதை அவர்கள் வரலாறுகளைப் படிக்கும்போது உணர்கிறோம்.

நம்மை நாடி வந்தவர்கள்

பிறர் நம்மிடம் வந்த கதையை முதலில் பார்ப்போம். இத்தாலி நாட்டவரான தத்துவ போதக சுவாமி, அதாவது இராபர்ட் தெ நொபிலி, 1605 ஆம் ஆண்டில் கோவாவை அடைந்து, 1606 இல் மதுரைக்கு வந்தார். உயர்குடியில் பிறந்த அவர் இறைச்சியை விலக்கிச் சைவ உணவு உண்டார்; காவி உடுத்தினார்; தமிழும் வடமொழியும் கற்றார். 1623 ஆம் ஆண்டில் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் பயணம் செய்து, சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு வந்தார். நம் மாவட்டத்தின் வாசற்படி வரை அவர் பாதம் பட்டது எனலாம்.

அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வீரமாமுனிவரைத் தமிழ்ப் பாடத்தில் நாம் அனைவரும் படிக்கிறோம். 1680 இல் இத்தாலியில் பிறந்தவர் பெஸ்கி. தமிழ்நாட்டிற்கு வரும்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அந்த வயதில் அ, ஆ எழுதத் தொடங்கியவர், தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். 1732 இல் சதுரகராதியைத் தொகுத்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துக்களின் வேறுபாட்டைத் தெளிவாக்கினார். நாம் இன்று "எடு" என்றும் "ஏடு" என்றும் மயங்காமல் எழுதுகிறோம் என்றால், ஓர் அயல்நாட்டு மாணவர் பட்ட சிரமத்தின் பயன் அதில் உண்டு. கற்க வந்தவர் கற்பிப்பவராக உயர்ந்தது, கற்பதற்கு வெட்கப்படாததனால் அன்றோ?

1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776 ஆம் ஆண்டில் இப்பகுதிகளின் மறைபணி பாரிஸ் வேதபோதக சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக இருந்த புருனியே ஆண்டகையும் அச்சபையினரே. தருமபுரி அப்போது சேலத்தோடு இணைந்திருந்தது. 1997 ஆம் ஆண்டில்தான் தனி மறைமாவட்டமாயிற்று.

பாரிஸில் ஒரு மாலை வேளை

அச்சபையின் தலைமை இல்லம் பாரிஸ் நகரில் பாக் வீதியில் இருக்கிறது. கீழ்நாடுகளுக்குப் புறப்படும் இளம் குருக்களை அவ்வில்லம் வழியனுப்பிய முறை உள்ளத்தை உருக்குவது. புறப்படுவோர் சிற்றாலயத்தில் பீடத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். ஆசிரியர்களும், உடன் படித்தோரும், உறவினரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர்களுடைய பாதங்களை முத்தமிடுவார்கள். நற்செய்தி கொண்டு செல்வோரின் பாதங்கள் அழகியவை என்று வேதாகமம் புகழ்வதை நினைவுகூரும் சடங்கு இது. வயது முதிர்ந்த குருவும் இருபத்து நான்கு வயது இளைஞரின் காலடியில் குனிவார்.

அவ்வேளையில் பாடப்பட்ட வழியனுப்புப் பாடலுக்கு இசை அமைத்தவர், அவ்வில்லத்தின் ஆலயத்தில் சில காலம் இசைப்பணி புரிந்த புகழ்பெற்ற இசைமேதை கூனோ. பாடலை எழுதியவர் தல்லே என்னும் குரு. அவர் பிறருக்குப் பாடல் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாம் பாரிஸில் தங்கிவிடவில்லை. 1852 இல் புறப்பட்டு நமக்கு அண்டை நாடான மைசூரில் பணியாற்றினார். 1868 இல் இச்சடங்கை ஓர் ஓவியர் பெரிய படமாகத் தீட்டினார். அவர் பெயர் கூபெர்த்தேன். ஒலிம்பிக் விளையாட்டுக்களைப் புதுப்பித்த பியேர் தெ கூபெர்த்தேனின் தந்தை அவரே!

இச்சடங்கில் அவ்வளவு கண்ணீர் ஏன் என்று கேட்கலாம். சூயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்படும் முன், கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர வேண்டும். பிரயாணம் மாதக் கணக்கில் நீளும். அதனினும் பெரிது, புறப்பட்டவர் திரும்புவதில்லை என்பது. சென்ற நாட்டிலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமாவது என்ற எண்ணத்துடனே பெரும்பாலோர் சென்றனர். ஆகவே அந்த மாலை வழியனுப்பு விழாவாகவும் இருந்தது, ஒருவகையில் இறுதி விடைபெறுதலாகவும் இருந்தது.

கூலியாள் வேடத்தில் ஒரு குரு

"வேதபோதகர் என்றால் வெள்ளைக்காரர்" என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. அது சரியன்று. இந்திய மண்ணில் பிறந்து கடல் கடந்தவர்களுள் தலைசிறந்தவர் புனித சூசை வாஸ். 1651 இல் கோவாவில் பிறந்த கொங்கணியர் அவர். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்தனர். அங்குள்ள கத்தோலிக்கர் பல ஆண்டுகளாகக் குரு இன்றித் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே செல்ல அவர் உறுதி கொண்டார்.

அவருடைய ஆயத்தத்தைக் கவனியுங்கள். தமிழைக் கற்றார். குருவின் அங்கியைக் களைந்து ஏழைக் கூலியாளைப் போல் உடுத்தினார். ஓர் உதவியாளரோடு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, 1687 இல் இலங்கையை அடைந்தார். கடும் நோயுற்று, உண்ண உணவின்றி யாழ்ப்பாணம் சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாது, கேட்டால் சிறைதான். ஆகவே கழுத்தில் செபமாலையை அணிந்து கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே தம் மக்களை இனங்கண்டார்.

பின்னர் 1692 இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அவர் அச்சிறையையும் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டு சிங்களம் கற்றார்! 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பிறர் அஞ்சி ஓடிய நோயாளிகளை அவர் அருகிருந்து பேணினார். 1711 இல் கண்டியில் உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பெட்டி படுக்கை, பணம், பரிந்துரைக் கடிதம் ஏதும் அவரிடம் இல்லை. அவர் கட்டி எடுத்துச் சென்றது ஒரு மொழியும் ஒரு செபமாலையுமே.

பதினெட்டு வயதுப் பெண்

பெண்பிள்ளைகளாகிய நமக்கு மிக நெருங்கிய உதாரணம் அன்னை தெரேசா. ஸ்கோப்ஜே நகரில் 1910 இல் பிறந்த அவர், 1928 செப்டம்பரில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது வயது பதினெட்டு. நம் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை விட ஓரிரண்டு வயதே மூத்தவர்! அயர்லாந்தில் லொரெட்டோ கன்னியர் மடத்தில் சில வாரங்கள் தங்கி ஆங்கிலம் கற்றார். அவ்வாண்டு இறுதியில் கப்பலேறி, 1929 ஜனவரியில் கல்கத்தாவை அடைந்தார். டார்ஜிலிங்கில் நவகன்னியராகப் பயிற்சி பெற்றார், வங்காளி கற்றார், ஆசிரியையாகப் பல்லாண்டு பணியாற்றினார்.

1948 இல் சேரிகளில் வாழும் ஏழைகளுக்காக மடத்தை விட்டு வெளியேறிய போதும், அவர் நேரே சேரிக்குள் நுழைந்துவிடவில்லை. முதலில் பாட்னாவுக்குச் சென்று, மருத்துவ மறைபணிச் சகோதரிகளிடம் நோயாளரைப் பேணும் பயிற்சி பெற்றார். இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு கன்னியர், முப்பத்தெட்டு வயதில் மீண்டும் மாணவியாகி, கட்டுப் போடவும் ஊசி போடவும் கற்றுக்கொண்டார். நல்ல மனம் இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அறியாமையால் ஏழைக்குத் தீங்கு நேரலாகாது என்று அஞ்சினார். அவர் நிறுவிய சபை 1965 இல் வெனிசுவேலா நாட்டில் தன் முதல் வெளிநாட்டு இல்லத்தைத் திறந்தது. மறைபோதகர்களைப் பெற்ற நாடாக இருந்த இந்தியா, அவர்களை அனுப்பும் நாடாகவும் விளங்குவதற்கு அது ஓர் அடையாளம்.

இன்று புறப்படுபவர்

இன்று நம் நாட்டுத் துறவற சபைகள் பலவற்றின் கன்னியர் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆசியாவின் பிற நாடுகளிலும் பணியாற்றுகிறார்கள். அவர்களுடைய ஆயத்தத்தை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, நீண்ட துறவறப் பயிற்சி. திருச்சபைச் சட்டப்படி நவசந்நியாசம் குறைந்தது பன்னிரண்டு மாதங்கள். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று ஆண்டுகள். அதற்கப்பால்தான் நித்திய வார்த்தைப்பாடு. இவ்வளவு காலத்தில் மனம் மாறினால் வீடு திரும்பத் தடையில்லை. எவரும் அவசரத்தில் கடல் கடக்கலாகாது என்பதே திருச்சபையின் எண்ணம்.

இரண்டாவது, ஒரு தொழில். செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி, ஆய்வுக்கூட வேலை போன்ற ஏதேனும் ஒன்றில் தேர்ச்சி வேண்டும். செல்லும் நாட்டுச் சட்டப்படி அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதையும் முன்பே விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, காகிதங்கள். பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்களின் பிரதிகள். பெயரும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே விதமாக இருக்க வேண்டும். துறவறத்தில் புதுப் பெயர் பெற்றவர்களுக்கு இதில் இரட்டைக் கவனம் தேவை. ஆகவே மாணவியரே, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரைச் சரிபார்க்கும்படி ஆசிரியைகள் வற்புறுத்துவதை அலட்சியம் செய்யாதீர்கள்!

நான்காவது, உடல்நலம். ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றிற்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு; கொசுவினால் பரவும் நோய் இது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இவ்வூசி போடப்படுகிறது. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் ஏற்கப்படுகிறது. மலேரியாவுக்குத் தடுப்பு மருந்தும் கொசுவலையும் வேண்டும்.

ஐந்தாவது, பெட்டி. கப்பல் காலத்தில் டிரங்குப் பெட்டிகள் பல கொண்டு செல்லலாம். விமானத்தில் இருபது முப்பது கிலோவுக்குள் வாழ்க்கையை அடக்க வேண்டும். எதை எடுப்பது என்பதை விட, எதை விடுவது என்பதே கடினமான பாடம். ஊறுகாய் ஜாடியா, அகராதியா என்ற கேள்வி எழும்போது, அகராதியை எடுப்பவர் நல்ல மறைபோதகராவார் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

களியும் உகாலியும்

ஆறாவது ஆயத்தம் மனத்தைச் சேர்ந்தது. மிகக் கடினமானதும் அதுவே. தாம் கொடுக்கப் போகிறோம், அவர்கள் பெறப் போகிறார்கள் என்ற எண்ணத்தைக் களைவது அது. கடந்த காலத்தில் சிலர், தம் நாட்டு வழக்கமே உயர்ந்தது என்ற செருக்கோடு சென்று, மக்களின் மனத்தைப் புண்படுத்தியதும் உண்டு. 1965 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைபரப்புப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில், செல்லும் நாட்டு மக்களின் மொழியையும் பண்பாட்டையும் வரலாற்றையும் மதித்துக் கற்பது மறைபோதகரின் கடமை என வலியுறுத்தப்பட்டது.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் ஒரு தருமபுரிப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அங்கே சுவாஹிலி மொழியைக் கற்க வேண்டும். நாம் பன்மைக்குச் சொல்லின் இறுதியில் "கள்" சேர்க்கிறோம். அவர்கள் சொல்லின் முதலெழுத்தை மாற்றுகிறார்கள். "ம்டோட்டோ" என்றால் குழந்தை. "வாடோட்டோ" என்றால் குழந்தைகள். இதைச் சரியாகச் சொல்ல வரும் வரை, தெருக் குழந்தைகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பட்டம் பெற்றவர், பள்ளியை நடத்தியவர், இரண்டு வயதுக் குழந்தையைப் போல் "தண்ணீர்", "உப்பு", "நன்றி" என்று தொடங்க வேண்டும். தாழ்ச்சி என்பதைத் தியான நாட்களில் கேட்டிருப்பார். அங்கே அதைப் பயிலுவார்.

அடுத்து உணவு. அங்கே பெரும்பாலும் மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி. கையால் உருட்டி, குழி செய்து, கீரையையோ குழம்பையோ அள்ளி உண்பார்கள். நம் வீட்டுக் களியை உண்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றுமா? அவர்களிடம் நம் கேழ்வரகும் உண்டு. அதை "உலேசி" என்கிறார்கள். அதில் காய்ச்சும் கஞ்சி "உஜி". இன்னும் ஒரு செய்தியைக் கேட்டால் வியப்பீர்கள். நம் மாவட்டத்து மானாவாரி நிலமெல்லாம் விளையும் இக்கேழ்வரகு முதன்முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில்தான் என்று தாவர ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அத்தானியம் கடல் கடந்து நம்மிடம் வந்தது. நாம் அவர்களுக்குக் கொடுக்கச் செல்வதாக எண்ணும் முன்பே, அவர்கள் மண் நம் பாட்டன் பூட்டனுக்குச் சோறு போட்டுவிட்டது!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பழமொழி. சுவாஹிலியிலும் இதே கருத்துள்ள பழமொழி உண்டு: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டியைக் கொடு என்பார்கள். மறைபோதகருக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை எது? முதல் இரண்டு நாட்கள் நன்றியோடு உண்ண வேண்டும்; மூன்றாம் நாள் வீட்டுப் பிள்ளையாகி மண்வெட்டியை ஏந்த வேண்டும்.

பெற்றோரின் ஆயத்தம்

புறப்படுபவரின் ஆயத்தத்தைச் சொன்னோம். அனுப்புபவரின் ஆயத்தத்தைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. அன்னை தெரேசாவின் தாயார், மகளின் விருப்பத்தைக் கேட்டதும் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டு, மறுநாள்தான் வெளியே வந்து சம்மதம் தந்தார் என்று சொல்வார்கள். 1928 இல் ரயில் நிலையத்தில் விடைபெற்ற தாயும் மகளும் மறுபடி சந்திக்கவேயில்லை. 1972 இல் தாயார் அல்பேனியாவில் இறந்தார். அன்று ஆட்சி செய்தோரின் கெடுபிடியால் மகளால் அங்கே செல்ல இயலவில்லை. உலகமே "அன்னை" என்று அழைத்தவருக்குத் தம் அன்னையின் முகத்தைக் கடைசியாகக் காணும் பேறு கிட்டவில்லை.

பிரிவு நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதன்று. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் தந்தையர், தமையன்மார் எத்தனை பேர்! பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாய்மார் எத்தனை பேர்! அந்த வேதனையை அறிந்த பெற்றோரிடம், "மகளைக் கடவுளுக்குக் கொடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட நாம் துணியவில்லை. இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வரலாம். என்றாலும் காய்ச்சலில் கிடக்கும் தாய்க்குக் கஞ்சி வைக்கத் தொலைபேசியால் முடியாது. இதை அறிந்தே மகளும் போக வேண்டும். அறிந்தே பெற்றோரும் அனுப்ப வேண்டும். கண்ணீரை மறைத்து அனுப்ப வேண்டும் என்பதில்லை. பாரிஸ் இல்லத்தில் பாதங்களை முத்தமிட்டவர்கள் அழுதுகொண்டேதான் முத்தமிட்டார்கள்.

போகாமலே போனவர்கள்

எல்லாரும் கடல் கடக்க வேண்டியதில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் லிசியே மடத்தினுள் அடைபட்டு வாழ்ந்து, 1897 இல் இருபத்து நான்கு வயதில் இறந்தார். ஹனோய் நகரின் கார்மேல் மடத்திற்குச் செல்ல ஆசைப்பட்டார். காச நோய் தடுத்தது. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ருலான் சுவாமியாருக்காகச் செபித்து, அவருக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் பணிபுரிந்த சீன மாநிலத்தின் வரைபடத்தைத் தாம் வேலை செய்யும் அறையின் சுவரில் மாட்டி வைத்தார். பிரான்சை விட்டு மறைபணிக்குச் செல்லாத இவரையே 1927 இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

லியோன் நகரத்துப் போலின் ஜரிக்கோ கன்னியர் அல்லர்; பொதுநிலைப் பெண். வாரத்திற்கு ஒரு சிறு காசு என்று பட்டாலைத் தொழிலாளப் பெண்களிடம் அவர் சேர்த்த உதவியிலிருந்து, 1822 இல் மறைபரப்பு உதவிச் சங்கம் பிறந்தது. 2022 இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் நாணயத்திற்கு அப்பெண்களின் காசே முன்னோடி.

அன்புத் தோழியரே, நம்முள் எவரேனும் ஒருநாள் விமானத்தில் ஏறி, மொழி தெரியாத ஓர் ஊரில் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். ஆயத்தத்தை மட்டும் இன்றே தொடங்கலாம். நம் விடுதியிலும் வகுப்பிலும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய பேச்சைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். இனி, அவர்கள் மொழியில் பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டு, நம் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரிக்க இடங்கொடுப்போம். பக்கத்து பெஞ்சு வரை போகத் தெரிந்தவருக்கே கடல் கடந்தும் போகத் தெரியும்.